அண்ணனுக்கு, நீ பிடுங்கி வைத்த புத்தகத்தைப் பற்றி

அண்ணே,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால் இங்கே எழுதுகிறேன். மைனியும் படிக்கட்டும்.

"நீ டீச்சர்தானே, படிச்சுப் பார்த்துச் சொல்லு, இதெல்லாம் பத்தாவது படிக்கிற பிள்ளை படிக்கலாமா?" என்று பாப்பாவின் பையிலிருந்து எடுத்து என் கையில் திணித்தாயே, அந்த 'எலினார் அண்ட் பார்க்', ரெயின்போ ரோவெல் எழுதியது, படித்து முடித்துவிட்டேன். மும்பை லோக்கல் ரயிலில் சயானுக்கும் டோம்பிவிலிக்கும் நடுவே, லேடீஸ் டப்பாவில் நின்றுகொண்டே நான்கு நாள். தானேயில் கூட்டம் ஏறும்போது மட்டும் மூடி வைத்தேன்.

கதை அமெரிக்காவில் ஓமஹா என்ற ஊரில், 1986இல் நடக்கிறது. ஸ்கூல் பஸ்ஸில் புதிதாக ஒரு பெண் ஏறுகிறாள். குண்டு, சிவப்பு முடி, கந்தல் மாதிரி உடுப்பு. யாரும் இடம் கொடுப்பதில்லை. பார்க் என்கிற பையன் எரிச்சலோடு திட்டித்தான் பக்கத்தில் உட்காரச் சொல்கிறான். பல நாள் ஒரு பேச்சும் இல்லை. அவன் காமிக்ஸ் படிக்கிறான். அவள் ஓரக்கண்ணால் கூடவே படிக்கிறாள். அது தெரிந்ததும் அவன் பக்கத்தை மெதுவாகத் திருப்ப ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான் அண்ணே, காதல் தொடங்குகிற இடம். நீ எதை நினைத்துப் பயந்தாயோ தெரியாது. இவர்கள் கையைப் பிடிப்பதற்கே எத்தனையோ பக்கம் ஆகிறது.

என்னை உலுக்கியது அந்தப் பெண்ணின் வீடு. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே அறை. குளியலறைக்குக் கதவே இல்லை. வீட்டில் அம்மாவின் இரண்டாவது புருஷன். அந்த இடத்தைப் படித்தபோது தாராவியில் நம் கோலி, அந்த ஒற்றை அறை வீடு, கண்முன் வந்தது. அறை மூலையில் குளிக்கிற மோரியில் அம்மாவின் பழைய சேலையைக் குறுக்கே கட்டி, நீங்கள் எல்லோரும் வெளியே போகும்வரை நான் காத்திருந்து குளித்தது உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு ஞாபகம் இருக்க வேண்டிய காரணமும் இல்லை.

கெட்ட வார்த்தை இருக்கிறது என்றாயே. இருக்கிறது. அந்தப் பெண்ணின் பாடப் புத்தக அட்டையில் யாரோ அசிங்கமாக எழுதி வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேலை என்று நானும் நினைத்தேன். எழுதியது வீட்டில் இருக்கிற அந்த ஆள். பஸ்ஸில் முதல் நாள் திட்டிய பையன்கூட அப்படி ஒன்றும் எழுதவில்லை. நாம் பிள்ளைகளின் பையைத்தான் சோதிக்கிறோம்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். பார்க்கின் அம்மா கொரியாக்காரி. பார்க் என்பது அங்கே குடும்பப் பெயர். அதையே பையனுக்குப் பெயராக வைத்தது, யாரோ நம் பிள்ளைக்கு வெறும் 'நாடார்' என்று பெயர் வைத்த மாதிரி இருக்கிறது. ஏதோ காரணம் சொல்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை.

சங்கப் பாட்டு நடத்தும்போது 'இற்செறிப்பு' வரும். ஊர் வாய் பேச ஆரம்பித்ததும் பெண்ணை வீட்டுக்குள் அடைத்து வைப்பது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அடைத்து வைக்கவும் ஓர் அறை வேண்டுமே என்று ஒரு பெண் கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. பாப்பாவுக்குத் தனி அறை இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது. நீ சம்பாதித்துக் கொடுத்தது. அதற்குள் அவள் ஒரு புத்தகம் படிக்கட்டும்.

இன்னொன்று. பார்க் அந்தப் பெண்ணுக்குப் பாட்டுகளை கேசட்டில் பதிந்து கொடுக்கிறான். 1986இல் நீ ஒன்பதாவது, நான் ஆறாவது. அரிசி டின்னுக்குப் பின்னால் துணியில் சுற்றி ஒரு கேசட் இருந்தது. உள்ளே உன் கையெழுத்தில் பாட்டு லிஸ்ட், பன்னிரண்டும் இளையராஜா. கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்தது. அதற்கு எத்தனை நாள் பஸ்ஸுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து நடந்தாயோ. நம் வீட்டில் அப்போது டேப் ரெக்கார்டரே கிடையாது.

இருந்த மாதிரியே சுற்றி வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன், அங்கே இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. மைனி, நீங்களும் இப்போது கேட்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். புத்தகத்தைப் பாப்பா கையில்தான் கொடுப்பேன். அந்தக் கை பிடிக்கிற இடத்துக்கு இரண்டு பக்கம் முன்னால் ஓரத்தை மடக்கி வைத்திருக்கிறாள், அங்கேதான் நீ பிடுங்கியிருக்கிறாய். மடிப்பை நான் நிமிர்த்தவில்லை.

உன் தங்கச்சி