நம் நகர் குடியிருப்போர் நலச் சங்கம்: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நம் நகர் மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, வடிகால், பூங்கா வேலைகள் எல்லாம் மாதக் கூட்டக் குறிப்புகளில் இருக்கின்றன, திரும்ப வாசிக்கவில்லை. இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய பழைய கம்ப்யூட்டர் வேலையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தொடர்வதா வேண்டாமா என்பது இன்றைய பொதுக்குழுவின் முடிவு.

போகிக்குப் பரணை ஒழித்தபோது பல வீடுகளிலிருந்து சிபியுக்களும் பெரிய டப்பா மானிட்டர்களும் வாசலுக்கு வந்தன. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுக்கத் தயாராக நின்றார். அதற்கு முன்னால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போமே என்று நம் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டார்கள், சரி என்று சங்க அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மேசை போட்டுக் கொடுத்தோம்.

பார்த்தால், பலவற்றில் இருந்தது சின்னக் கோளாறுதான். டிஸ்ப்ளே வரவில்லை என்று மூட்டை கட்டிய சிலவற்றுக்கு ரேம் என்னும் நினைவகத் தகட்டைக் கழற்றி அதன் காலைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டியதே போதுமாக இருந்தது. ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்பதற்குக் காரணம் மதர்போர்டில் (உள்ளே இருக்கும் முதன்மைப் பலகையில்) இருக்கும் சிஆர்2032 பட்டன் செல், 3 வோல்ட், கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சூடாகித் தானாக அணைந்தவற்றில் ஃபேனுக்கு அடியில் தூசி மெத்தை போல் படிந்திருந்தது, பிராசஸரின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. 2000களின் முற்பகுதியில் வந்த போர்டுகளில் மட்டும் கெபாசிட்டர்கள் என்னும் சின்ன உருளைகளின் தலை உப்பிக் கசிந்திருந்தது. அந்தக் காலத்தில் உலகம் முழுக்கவே உள்ளே தரமில்லாத எலக்ட்ரோலைட் திரவம் போட்ட கெபாசிட்டர்கள் ஏராளமாகப் புழங்கின, நம் வீட்டு மின்சாரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் ஆன் செய்வதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்கைத்தான் முதலில் கழற்றினோம். பல வருடம் சுற்றாமல் கிடந்த டிஸ்க் இன்னும் எத்தனை முறை சுற்றும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அதை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி முழுவதையும் நகல் எடுத்த பிறகுதான் மற்ற எதுவும். வீட்டுக்காரர் வந்து பார்க்காமல் ஃபார்மட் கிடையாது. இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், மிஷின் ஓடுவது அதற்கு அப்புறம்தான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா ஒருவரின் பென்டியம் 4 சிபியுவில் அவர் பல வருடம் தட்டச்சு செய்த ஊர்க்கோயில் வரலாறு இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை, ஃபைல் கெட்டுவிட்டது என்றே அவர் வருத்தப்பட்டார். அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் ‘தமிழ்’ என்பது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும், அவ்வளவுதான். 2010இல் தமிழக அரசு யூனிகோடை, அதாவது எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் பொது எழுத்துமுறையை, ஏற்பதற்கு முன்னால் டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு முறையில் எழுதிக்கொண்டிருந்தோம், ஆகவே உங்கள் பழைய ஃபைல்களும் இப்படித் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள், மாற்றி எடுக்க முடியும். அம்மாவின் கட்டுரைகள் முழுவதும் இப்போது யூனிகோடில் இருக்கின்றன, அவரே உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்து, அரசு கொடுத்த லேப்டாப்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கியவை நம் நகரில் நிறையவே பீரோக்களில் தூங்குகின்றன. பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜரில் ஓடுகின்றன. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தயவுசெய்து சார்ஜ் போடாதீர்கள், அப்படியே எடுத்து வாருங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்), இன்னொரு ரேம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளம், இவ்வளவு போதும், பத்தாவது படிக்கும் பிள்ளைக்குத் தாராளமாக ஆகும். அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு முடிந்ததும், உங்கள் மிஷின் விண்டோஸ் 11ஐ ஏற்காது, புதுசு வாங்குங்கள் என்று கடையில் சொன்னதாகப் பலர் வந்தார்கள். அவர்களுக்கும் இதே வழியைத்தான் காட்டினோம்.

எல்லாவற்றையும் பிழைக்க வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விண்டோஸ் எக்ஸ்பி மிஷினுக்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவு நின்றுவிட்டது, அதை இணையத்தில் இணைப்பது ஆபத்து. பென்டியம் 4 மின்சாரத்தையும் நிறையக் குடிக்கும். அவற்றில் இருப்பதை எடுத்துக்கொண்டு, மிஷினைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் அனுப்புவதே நல்லது. டப்பா மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்துச் செம்பு எடுப்பவர்களிடம் அது போகக் கூடாது. அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் நிற்கும் என்பதால் நாங்களும் அவற்றைத் திறக்கவில்லை.

சரியான மிஷின்களில் சில வீட்டுக்காரர்களிடமே திரும்பின, சில நூலக அறைக்கும் மாலை வகுப்புக்கும் போயின.

பொதுக்குழுவிடம் கேட்பது இரண்டு. சங்க அறையில் பூட்டு வைத்த அலமாரி ஒன்று வேண்டும், ஏனென்றால் மற்றவர்களின் குடும்பப் படங்களும் கணக்கு வழக்குகளும் இருக்கும் டிஸ்க்குகளை மேசையில் விட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய ஐடிஇ கேபிள் (அந்தக் கால ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் பட்டைக் கேபிள்), லேப்டாப் சார்ஜர் எது வீட்டில் கிடந்தாலும் கொடுத்து உதவுங்கள், இப்போது கடைகளில் தேடினாலும் கிடைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்த பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு டீயும் சுண்டலும் அனுப்பிய வீடுகளுக்கும் நன்றி. செலவு விவரத்தைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்