அக்காவின் புகைப்படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நலம்; நலமறிய ஆவல். உங்கள் கடிதமும் அக்காவின் புகைப்படமும் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. நான்கு மாதமாக நான் வீடியோவில் வரவில்லை என்று செல்லூர்ச் சித்தியிடம் சொல்லி வருந்தியதாக எழுதியிருந்தீர்கள். கைப்பேசியின் கேமரா பழுதாகிவிட்டது, வேறொன்றுமில்லை.

இங்கே தம்பெரேயில் காலை ஒன்பதரைக்கு மேல்தான் விடிகிறது. மூன்றரை மணிக்கெல்லாம் விளக்கைப் போட வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பின்லாந்துக்காரர்கள் ரை என்ற தானியத்தின் மாவில் மெல்லிய ஓடு செய்து, அதற்குள் அரிசிக் கஞ்சியை வைத்துச் சுட்டு, அவித்த முட்டையை வெண்ணெயோடு மசித்து மேலே தடவித் தின்கிறார்கள். கஞ்சியை ரொட்டிக்குள் அடைப்பார்களா என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

எதிர்வீட்டுப் பாட்டியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். என் கதவு திறக்கும் ஓசை கேட்டால், நான் படியிறங்கிப் போகும்வரை அவர் வெளியே வரமாட்டார். தப்பித்தவறி எதிரே வந்துவிட்டாலும் அந்த முகம் அசையாது. என் குழம்பு வாசனைதான் காரணம் என்று நினைத்து ஒரு மாதம் தாளிப்பதையே நிறுத்திப் பார்த்தேன். கடைசியில் பொறுக்க மாட்டாமல் நேரிலேயே கேட்டேன். "கோபமெல்லாம் இல்லை, என் முகமே இப்படித்தான், கோபம் வந்தால் வந்து சொல்வேன்" என்றார். அன்று எனக்கு உண்டான நிம்மதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஊரில் எனக்காக முகங்களைப் படித்தவர் நீங்கள்தான். விசேஷ வீடுகளில் "பெரியம்மா முகம் வாடியிருக்கு, போய் ஒரு வார்த்தை கேளுடா" என்று காதோடு சொல்வீர்கள். நானும் போய்க் கேட்பேன். நீங்கள் அருகில் இல்லாத இடங்களில்தான் வினை. மேலூர் மாமா இறந்த அன்று, அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்த அத்தையிடம் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கல்நெஞ்சன் என்று பெயர் வாங்கினேன். அழகர் ஆற்றில் இறங்கும்போது பச்சைப் பட்டென்றால் ஆண்டு செழிக்கும், சிவப்பென்றால் ஆகாது என்பார்களே, மனிதர்களும் அப்படி ஏதாவது உடுத்தி வந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

உடன் வேலை செய்பவரின் மனைவி உளவியல் படிக்கிறார். அவர் எனக்கு ஒரு சோதனை வைத்தார். கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹன் என்ற உளவியலாளரின் குழுவினர் 2001 இல் திருத்தி வெளியிட்டதாம்: கண்கள் மட்டும் தெரியும் 36 படங்கள், ஒவ்வொன்றின் கீழும் நான்கு சொற்கள், அவற்றுள் அந்தக் கண்களுக்குப் பொருந்துவது எது என்று சொல்ல வேண்டும். எனக்குப் பதினாறுதான் சரியாக வந்தது. இதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது என்று அவரே சொன்னார். ஆனாலும், அடுத்தவர் துன்பம் தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்தும் இரங்காமல் இருப்பது வேறு என்று அவர் விளக்கியபோது, அதை மேலூர் அத்தையிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுக்க அக்கா மனமாரச் சம்மதித்துச் சிரித்தபடி நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று இரவுகள் பார்த்தேன். விரலால் வாயை மறைத்தால் கண்கள் ஒன்று சொல்கின்றன; கண்களை மறைத்தால் வாய் வேறொன்று சொல்கிறது. அவள் காலடியில் உங்கள் கோலமும் பூசணிப்பூவும் பாதி தெரிந்தன. மார்கழி என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கு மேல் எழுத முடியாமல் எழுந்து போய்விட்டு, இன்றுதான் மீண்டும் உட்கார்ந்தேன்.

அது தாத்தா வழி வந்த வீடு. 2005 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அவளுக்கும் என்னைப் போலவே பங்கு உண்டு. அவள் வாய் திறக்காததைச் சம்மதம் என்று சித்தப்பா எடுத்துக்கொண்டிருக்கலாம். அத்தான் இல்லாத நேரமாகப் பார்த்து, "உனக்குப் பங்கு வேண்டுமா, வேண்டாமா" என்று நீங்கள் மட்டும் கேளுங்கள். அவள் முகம் எப்படி இருந்தது என்பதை விட்டுவிட்டு, அவள் சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள். அதுவரை விடுதலைப் பத்திரத்தைப் பதிவுசெய்ய வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடுங்கள். வீட்டு வரி ரசீதுகள் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

எனக்காக எதையும் அவசரப்பட்டு விற்க வேண்டாம். இந்த மாதம் குறைவாக அனுப்பியதற்குக் காரணம், நிறுவனத்தில் எல்லோருக்குமே வேலை நாட்களைச் சற்றுக் குறைத்திருக்கிறார்கள் என்பதுதான். பங்குனிக்குள் சரியாகிவிடும். கேமராவையும் அப்போது சரிசெய்துவிடுகிறேன்.

தங்கள் அன்பு மகன்