ஊசி போடுகிறவரிடமும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தடுப்பூசிக்குப் பெற்றோர் ஏன் தயங்குகிறார்கள் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊசி போடுகிறவரின் தயக்கம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பின் நான்கு குழந்தைகள் இறந்துபோயின. பிறகு துணை சுகாதார நிலையத்தில் ஊசி போடுவது நின்றது. டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் பிள்ளையைத் தூக்கி வர வேண்டும் என்றாகிவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் எல்லாத் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட குழந்தைகள் 2005-06இல் 81 சதவீதம். 2015-16இல் 70கூட இல்லை. தூரம் ஒரு காரணம். எங்கள் கை நடுங்கியதும் ஒரு காரணம் என்பேன், அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. "நர்சம்மா, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டால், முன்பெல்லாம் "ராத்திரி காய்ச்சல் வரும், பாரசிட்டமால் குடு, பயப்படாதே" என்று பட்டென்று சொல்லிவிடுவேன். அந்த வருஷம் "டாக்டரையே கேட்டுக்கோம்மா" என்றேன். அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் வந்தது. மருந்துத் தூளைக் கலக்குவது எப்படி, கலக்கியதை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். வாட்ஸ்அப் செய்தியைக் காட்டிச் சண்டைக்கு வரும் அப்பாவிடம் என்ன பேசுவது என்று சொல்லித் தரவில்லை. 2021 ஜனவரியில் கொரோனா ஊசி முதலில் எங்களுக்குத்தான் வந்தது. ஆரம்ப நாட்களில் டாக்டர்களும் செவிலியர்களுமே தள்ளி நின்றார்கள்.

அளக்கிறேன் என்று அளந்ததையும் பார்த்திருக்கிறேன். மாதாந்திரக் கூட்டத்தில் பெயர், பணியிடம் எழுதித் தர ஒரு படிவம். 'தடுப்பூசி பாதுகாப்பானது என்று நம்புகிறீர்களா?' அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்க, எல்லோரும் 'ஆம்' போட்டோம். "நீ போட்டுக்கிட்டு சொல்லுக்கா, அப்புறம் நான் போட்டுக்கிறேன்" என்று முந்தின வாரம் என்னிடம் சொன்ன பெண்ணும் 'ஆம்'தான் போட்டாள். நூற்றுக்கு நூறு வந்திருக்கும். அந்தக் காகிதத்தால் யாருக்கு என்ன பயன்?

இதற்கென உலக சுகாதார நிறுவனமே சுகாதாரப் பணியாளர்களுக்குத் தனியாகக் கேள்வித்தாள் வைத்திருக்கிறது. நம் துறையும் பெயர் கேட்காமல், வெளியாட்களை வைத்துக் கேட்கட்டும். மஞ்சள் காமாலை பி ஊசி மூன்று தவணையும் நீங்கள் போட்டுக்கொண்டீர்களா? தாய் கேட்கும் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடிகிறதா? இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: நீங்கள் போட்ட ஊசிக்குப் பிறகு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால், விசாரணை முடியும்வரை துறை உங்கள் பக்கம் நிற்கும் என்று நம்புகிறீர்களா?

2019-21 ஆய்வில் நம் விழுக்காடு 89 ஆக ஏறியிருக்கிறது. மனசுக்கு நிறைவாக இருக்கிறது. அதை ஏற்றியவர்களிடம், துறை உங்கள் பக்கம் நிற்குமா என்ற அந்தக் கேள்வியை இந்த ஆண்டாவது கேளுங்கள். வரும் பதிலை மாவட்டவாரியாக அவர்களுக்கே காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.