சக்கர இடைவெளி மட்டுமே காரணமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானியப் போர் விமானங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவரும் தொடரை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். மெஸ்ஸர்ஷ்மிட் 109 தரையில் அடிக்கடி விபத்துக்குள்ளானதற்கு அதன் முன்சக்கரங்கள் நெருக்கமாக அமைந்திருந்ததே காரணம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. அதன் சக்கர இடைவெளி சுமார் 2 மீட்டர். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயருக்கோ அதைவிடவும் குறைவு. இடைவெளி மட்டுமே குற்றவாளி என்றால் ஸ்பிட்ஃபயர் இன்னும் மோசமான பெயரை எடுத்திருக்க வேண்டும்.

வால் சக்கரம் கொண்ட விமானத்தில் ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஓடுபாதையில் விரையும்போது மூக்கு சற்றே ஒருபுறம் திரும்பினாலும், பின்னாலிருக்கும் எடை அந்தத் திருப்பத்தை மேலும் வளர்த்துவிடும். விமானி உடனே தடுக்காவிட்டால் விமானம் சுழன்று, சக்கரத்தைத் தாங்கும் கால் ஒன்று முறிந்து, இறக்கை தரையில் உரசும். 109-இன் வால் சக்கரம் உருளும் நாற்காலியின் கால்போல எந்தப் பக்கமும் தானே திரும்பக்கூடியது. பெடல்களோடு அதற்கு இணைப்பு கிடையாது. தரையில் திருப்புவதற்கு விமானி பெடல்களின் மேல்நுனியை மிதித்து, இடது வலது பிரேக்குகளைத் தனித்தனியே பயன்படுத்த வேண்டும். புறப்படும்போது எஞ்சினுக்கு முழு விசையைச் சட்டெனக் கொடுத்தால் மூக்கு இடப்புறம் இழுக்கும். வேகம் கூடும்வரை, மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் சுக்கானுக்கும் போதிய பலம் இருக்காது. கால்கள் வெளிப்புறமாகச் சரிந்து நின்றதால், விமானம் ஒருபக்கம் சாய்ந்தவுடன் சுமை ஒரே சக்கரத்தில் விழுந்து நிலைமை மேலும் கெடும். கால்களை உடலோடு பொருத்தியதால் இறக்கைகளைக் கழற்றிய பின்னும் விமானம் தன் சக்கரங்களிலேயே நின்றது என்பது பராமரிப்புக் குழுவினருக்குப் பெரிய வசதி என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பிந்தைய ஜி, கே வகைகளில் வால் சக்கரத்தை நேராகப் பூட்டும் நெம்புகோல் விமானி அறையில் வைக்கப்பட்டது. வால் சக்கரத்தின் தண்டும் உயர்த்தப்பட்டது; வால் சற்று மேலெழுந்ததால் முன்பார்வையும் கொஞ்சம் மேம்பட்டது. சிக்கல் எங்கே இருந்தது என்பதை வடிவமைப்பாளர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இந்த மாற்றங்களே சான்று.

கட்டுரையாளர் முற்றிலும் விட்டுவிட்டது, குர்ட் டாங்க் வடிவமைத்து 1939 ஜூன் 1 அன்று முதன்முதலில் பறந்த ஃபோக்க வுல்ஃப் 190-இன் ஏற்பாட்டை. அதன் அகன்ற சக்கர இடைவெளியைப் புகழ்ந்தவர், வால் சக்கரத்தின் பூட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்தால் வால் சக்கரம் நேராகப் பூட்டிக்கொள்ளும்; முன்னே தள்ளினால் பூட்டு விலகி, விமானத்தைத் திருப்ப முடியும். மூன்று சக்கரங்களும் ஒருங்கே தரையைத் தொடும்படி இறங்குகிற விமானி எப்படியும் தண்டைப் பின்னே இழுத்துத்தான் பிடித்திருப்பார். ஆகவே மிக ஆபத்தான அந்த நொடிகளில் தனியாக ஒரு நெம்புகோலை நினைவில் வைக்க வேண்டிய அவசியமே எழாமல் பூட்டு தானே வேலை செய்கிறது. பிரேக் அழுத்தும்போது வால் தூக்கிக்கொள்ளாமல் இருக்கவும் அதே கைநிலை உதவுகிறது. அமெரிக்காவின் பி-51 மஸ்டாங் போர் விமானத்திலும் ஏறக்குறைய இதே முறை இருந்தது. 190-இன் திறமையான பகுதிகளில் இதையும் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

தொடரின் அடுத்த பகுதி மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானத்தைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதன் முதல் மாதிரிகளிலும் வால் சக்கரமே இருந்தது. புரொப்பல்லர் இல்லாததால் வால்பகுதியின் மீது காற்று பாயவில்லை. வால் எழ மறுத்தது. 1942 ஜூலை 18 அன்று ஜெர்மனியின் லைப்ஹைமில் சோதனை விமானி ஃபிரிட்ஸ் வெண்டல் மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கைச் சற்றே மிதித்துத்தான் வாலை உயர்த்தி வானேறினார். பிறகே மூக்குச் சக்கரத்துக்கு மாறினார்கள். அடுத்த பகுதியில் இந்த நிகழ்வுக்கு இடம் ஒதுக்குமாறும், இயன்றால் 190-இன் வால் சக்கரப் பூட்டை விளக்கும் ஒரு வரைபடத்தை வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்