வால்வை மெதுவாகத் திறவுங்கள்: டர்பன் வடபகுதிக் குடிநீர்ப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே வெருலம், டோங்காட், ஃபீனிக்ஸ் பகுதிகளில் குழாய் வேலை பார்ப்பவர்கள் எழுதுகிறோம். தண்ணீர்த் தட்டுப்பாடு என்றதும் எல்லோரும் வானத்தைக் காட்டுகிறார்கள். ஆனால் 2022 ஏப்ரலில் இங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அந்த வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, டோங்காட் மக்கள் பல மாதங்கள் டேங்கருக்குக் காத்து நின்றார்கள். அணையில் தண்ணீர் இருந்தும் வீட்டுக் குழாயில் காற்றுதான் வருகிறதென்றால், கோளாறு இடையில் இருக்கிறது.

ஊருக்கு நீர் அனுப்பும் பெரிய தொட்டி நிறையட்டும் என்று இரவில் வால்வை மூடுகிறீர்கள். மேட்டுத் தெருக் குழாய்கள் முதலில் காலியாகின்றன. காலியான குழாய், கசிவுள்ள இடங்கள் வழியே சுற்றியுள்ள சேற்று நீரை உள்ளே உறிஞ்சுகிறது. காலையில் வால்வை ஒரேயடியாகத் திறந்தால், தண்ணீர் காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்து, வளைவிலும் முனையிலும் மோதுகிறது. அந்த அடியில் பழைய இணைப்பின் ரப்பர் வளையம் நழுவிவிடுகிறது. காற்றுக்கும் மீட்டர் சுழல்வதால் வராத தண்ணீருக்கும் பில் ஏறுகிறது. உடைப்பு, அதனால் வால்வை மூடுவது, மூடித் திறப்பதால் மறுபடி உடைப்பு: இப்படித்தான் பல தெருக்கள் சீரழிகின்றன.

முதலில் வால்வைச் சில சுற்று மட்டும் திறவுங்கள். மேட்டு முனையில் காற்று முழுக்க வெளியேறி, நீர் சீராக வந்த பிறகு மீதியைத் திறக்கலாம். கலங்கல் நீரை, வீடுகளுக்குப் போகுமுன் தெருக்கடைசியில் தீயணைப்புக்காக உள்ள ஹைட்ரண்ட் குழாயில் வெளியேற்றுங்கள். உயரமான இடங்களில் குழாய்க் காற்றை வெளியே விடும் காற்று வால்வுகளைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே உள்ள பந்து துருவில் ஒட்டிக்கொண்டால் அந்த வால்வு இருந்தும் பயனில்லை.

கசிவைத் தேட, ஊர் உறங்கும் அதிகாலை 2 முதல் 4 மணி வரை ஒவ்வொரு பகுதிக்கும் போகும் நீரை அளந்தால் போதும். அந்நேரத்தில் ஓடுவதில் பெரும்பகுதி கசிவுதான். நொடிக்கு ஒரு லிட்டர் போனால் நாளுக்கு 86,400 லிட்டர். ஆளுக்கு 25 லிட்டர் என்ற குறைந்தபட்ச அளவில், அது 3,456 பேருக்கான நீர். தெரிய வந்த பெரிய கசிவை 48 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2001ஆம் ஆண்டு தேசிய விதி. ஆண்டில் ஏழு முழு நாட்களுக்கு மேல் எந்த வீட்டுக்கும் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதும் அதே விதிதான்.

இன்னொன்று, வீடுகளில் தண்ணீர் சேமிக்க வைக்கும் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டிகள். தண்ணீர் வந்ததும் பள்ளத்து வீடுகளின் 2,500 லிட்டர் தொட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பத் தொடங்குகின்றன. மேட்டுக்கு அழுத்தமே எட்டுவதில்லை. நீர் சிறிதாக மட்டும் புகும் மிதவை வால்வைக் கட்டாயமாக்குங்கள். மெயின் குழாயிலிருந்து நேராக உறிஞ்சும் பம்புகளை அகற்றுங்கள். அவைதான் அழுக்கை உள்ளே இழுப்பதில் மோசமானவை.

தொட்டி வாங்க வசதியில்லாத வீடுகளில் ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு ஐந்து 25 லிட்டர் கேன்கள் வேண்டும். கேன் ஒன்று 25 கிலோ கனக்கும். அதை மேட்டில் தூக்கி ஏறுவது பெரும்பாலும் அம்மாக்களும் பாட்டிகளும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சவும் அந்தக் கேனிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

24 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால், ஆளுக்கு 10 லிட்டராவது மாற்று நீர் தர வேண்டியது உங்கள் கடமை. டேங்கர் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று முந்தின நாளே அறிவியுங்கள். மேட்டுத் தெருக்களுக்கு முதலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வடபகுதிக் குழாய்த் தொழிலாளர்கள்