எச்.ஐ.வி. தடுப்பு, சிகிச்சைப் பணிகளுக்கு மாநில சுழல்நிதி கோரும் மனு

அனுப்புநர்:
இலக்கு மக்கள் திட்டக் களப்பணியாளர்கள், ஆலோசகர்கள், எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் ஆகியோரின் சார்பாக

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கூட்டு மருந்து சிகிச்சை – மத்திய நிதித் தவணை தாமதமாகும் மாதங்களில் பணி நிற்காதிருக்க சுழல்நிதியும் மருந்துக் கையிருப்பும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, பிரிவுகள் 13, 14.

மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,

வணக்கம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு (2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை) ஒதுக்கப்பட்டது ரூ.15,471.94 கோடி. முழுச் செலவும் மத்திய அரசுடையது. இந்தத் தொகை போதுமா என்ற விவாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. அது களத்துக்கு வந்து சேரும் நாள்தான் எங்கள் பிரச்சினை.

தொற்று அபாயம் அதிகமுள்ளோருக்காகத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இலக்கு மக்கள் திட்டங்களுக்குப் பணம் தவணையாக வருகிறது. முந்தைய தவணைக்கான செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றும் சரிபார்க்கப்பட்ட பிறகே அடுத்தது. இதோடு நிதியாண்டின் தொடக்கத்தில் ஆண்டுச் செயல்திட்டத்துக்கு ஒப்புதலும் வர வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் இழுபறி ஜூனைத் தாண்டுவதும் உண்டு. வாடகையையும் மின்கட்டணத்தையும் யாரும் தள்ளிவைக்க விடுவதில்லை. ஆகவே முதலில் நிற்பது சக கல்வியாளரின் (அதே மக்களில் ஒருவராக இருந்து அவர்களிடையே பணி செய்பவரின்) மதிப்பூதியம், அடுத்தது களப்பணியாளரின் பயணப்படி.

கணக்கில் இவை சின்னத் தலைப்புகள். ஆனால் எந்தப் பேருந்து நிலையத்துக்கு, எந்த லாட்ஜுக்குப் புதிதாக யார் வந்திருக்கிறார் என்பது சக கல்வியாளருக்கு மட்டுமே தெரியும். பதிவேட்டில் இருப்பது குறியீட்டு எண்தான். அந்த எண்ணுக்குரிய ஆளை அவரால்தான் கண்டுபிடிக்க முடியும். சம்பளம் வராமல் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் பட்டியல் மிஞ்சும், தொடர்பு அறுந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) அழைத்து வர ஆளில்லை. பிற்பாடு மொத்த நிலுவையும் ஒரே நாளில் வந்தாலும் விட்டுப்போன பரிசோதனைகளை அதனால் மீட்க முடியாது. தணிக்கையில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும்.

ஊசி வழியே போதைப்பொருள் எடுத்துக்கொள்வோருக்கான மாற்று மருந்து மையங்களில் தாமதம் இன்னும் வேகமாகத் தாக்கும். போதைப்பொருளுக்குப் பதிலாக அங்கே தரும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து, கரையும் வரை செவிலியர் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு இது அன்றாடம். செவிலியர் வராத நாள் மருந்தில்லாத நாள்தான். ஓரிரு நாள் விட்டாலே உடல்வலி, வாந்தி, தூக்கமின்மை தொடங்கிவிடும். அதைத் தணிக்கும் சரக்கு தெருவில் கிடைக்கும், பலரும் பகிரும் ஊசியோடு.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துக்கு வருவோம். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. 2023-ல் எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கு நிதி தரும் சர்வதேச அமைப்பான குளோபல் ஃபண்ட் அறிவித்த கொள்முதல் விலை ஆளுக்கு ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவு. இவ்வளவு மலிவான மருந்துக்கே 2022-ல் தட்டுப்பாடு வந்து, டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் நோயாளிகள் உட்கார்ந்து போராட நேர்ந்தது. கையிருப்பு குறைந்தால் மூன்று மாதத்துக்குத் தர வேண்டியதைப் பத்து, பதினைந்து நாளாகப் பிரித்துத் தருவார்கள். மையத்தின் கணக்கில் அது தட்டுப்பாடாகவே பதிவாகாது. கூலி வேலைக்குப் போகிறவருக்கோ ஒரு நாள் கூலி இழப்பு ஆறு முதல் ஒன்பது நாள் இழப்பாகிவிடும், பேருந்துக் கட்டணம் தனி. கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்கு உண்டு. வெளியூர்ப் பேருந்து பிடித்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வருபவருக்கு அது உதவாது.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு ஓட்டை உண்டு. காசநோயும் சேர்ந்தவர் அதற்கான ரிஃபாம்பிசின் மருந்தை எடுக்கும்போது டோலுடெக்ராவிரின் அளவு இரத்தத்தில் குறையும். எனவே கூட்டு மாத்திரை சாப்பிட்ட 12 மணி நேரம் கழித்துத் தனியாக ஒரு 50 மி.கி. டோலுடெக்ராவிர் தர வேண்டும். ரிஃபாம்பிசின் நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் தொடர வேண்டும். தேவைப்பட்டியலைக் கூட்டு மாத்திரையின் எண்ணிக்கையை வைத்தே போட்டால் இந்தத் தனி மாத்திரை விடுபட்டுப் போகும். குழந்தைகளின் 10 மி.கி. டோலுடெக்ராவிர் கரையும் மாத்திரையும் அப்படித்தான்: 6 கிலோ எடையைத் தொட்ட குழந்தைக்கு நாளுக்கு ஒன்றரை, 10 கிலோவில் இரண்டு, 14 கிலோவில் இரண்டரை. எடை ஏறினால் தேவையும் ஏறும்; போன மாதக் கணக்கை வைத்து அனுப்பினால் குறையும்.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. நாட்டிலேயே முதலாவதாக 1994-ல் தமிழகம் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுப் பணியைப் பதிவு பெற்ற சங்கத்திடம் ஒப்படைத்ததற்கு முக்கியக் காரணமே, அரசு நடைமுறையில் பணம் தேங்கக் கூடாது என்பதுதான். அதே நோக்கத்தின் தொடர்ச்சியாகவே இதைக் கேட்கிறோம்.

இலக்கு மக்கள் திட்டங்கள், மாற்று மருந்து மையங்களின் ஊதியம், மதிப்பூதியம், பயணப்படி ஆகிய மூன்றுக்கும் ஒரு காலாண்டுச் செலவுக்குச் சமமான தொகையை மாநில சுழல்நிதியாக ஒதுக்க வேண்டும். தவணை நாள் கடந்த 15 நாளுக்குள், கடைசியாகத் தணிக்கையான கணக்கின் அடிப்படையில், முன்பணம் போக வேண்டும். மத்தியத் தவணை வந்ததும் ஈடுகட்டிக்கொள்ளலாம். கட்டாயம் தனி வங்கிக் கணக்கு வேண்டும். மத்திய நிதியோடு கலந்தால் பயன்பாட்டுச் சான்றே சிக்கலாகி அடுத்த தவணை இன்னும் தாமதமாகும். கட்டடம், தளவாடம், பயிற்சிக்கூட்டம் எதற்கும் இதிலிருந்து தர வேண்டாம்.

கூட்டு மாத்திரை ஒவ்வொரு சிகிச்சை மையத்திலும் மூன்று மாத அளவுக்கு இருக்க வேண்டும். தனி டோலுடெக்ராவிரையும் குழந்தை மருந்துகளையும் எல்லா மையத்திலும் குவித்தால் காலாவதியாகிவிடும். மாவட்டத்துக்கு ஓரிடத்தில் வைத்தால் போதும். இவற்றுக்கு, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் முன்கூட்டியே விலை ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டு, கையிருப்பு ஒரு மாதத்துக்குக் கீழே இறங்கினால் மட்டும் வாங்கலாம்.

தவணை விடுவித்த நாளையும் மையவாரியான மருந்துக் கையிருப்பையும் மாதந்தோறும் துறை இணையதளத்தில் வெளியிட வேண்டும். நோயாளி விவரம் எதுவும் அதில் வரத் தேவையில்லை என்பதால் சட்டம் காக்கும் இரகசியத்துக்கு இடையூறில்லை.

வரும் நிதிநிலை அறிக்கைக்கான மானியக் கோரிக்கை தயாராகும் முன் எங்களை அழைத்துப் பேசினால், மாவட்டவாரியான செலவுக் கணக்குகளை நேரில் தரத் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு,
களப்பணியாளர்கள், ஆலோசகர்கள், தொற்றுடன் வாழ்வோர்

நகல்: அரசுச் செயலாளர், நிதித் துறை, சென்னை – 600 009.