கணித வட்டத்தின் ஆண்டறிக்கை: 6174

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கடந்த ஆண்டின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

கூட்டங்கள் மாதந்தோறும் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

ஆண்டுக்கு ஓர் எண் என்ற வழக்கப்படி, இம்முறை எடுத்துக்கொண்டது 6174. மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த த. ரா. காப்ரேகர் 1949இல் இதன் குணத்தைக் கண்டறிந்தார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழிக்க வேண்டும். விடையையும் அப்படியே செய்துகொண்டே போனால், ஏழு படிக்குள் 6174 வந்துவிடும். அப்புறம் நகராது: 7641 − 1467 = 6174. நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கும் எண்கள் மட்டும் விலக்கு. 5200 ஏழு படியும் ஏறியது: 5175, 5994, 5355, 1998, 8082, 8532, 6174.

முதல் கூட்டத்திலேயே ஒரு தகராறு. 2111இல் தொடங்கிய உறுப்பினர் ஒருவருக்கு 999 வந்தது. அதிலிருந்து அதையே கழித்துப் பூஜ்யம் என்று காட்டி, விதியே பொய் என்றார். 0999 என்று நான்கு இலக்கமாக எழுதினால் அடுத்தது 9990 − 0999 = 8991; சரி, அவரும் மறுபடி உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

எத்தனை எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது என்ற கேள்வி இரண்டாம் கூட்டத்தில் எழுந்தது. ஆண்டின் உருப்படியான வேலை அங்கேதான் தொடங்கியது. இலக்கங்களை இறங்கு வரிசையில் க, ங, ச, ஞ என்று வைத்தால், கழித்து வருவது 999(க − ஞ) + 90(ங − ச). அதாவது இரண்டு வித்தியாசங்கள் தெரிந்தால் போதும். முதலாவது 1 முதல் 9 வரை. இரண்டாவது அதை மிஞ்ச முடியாது. மொத்தம் 54 ஜோடிகள்தான். 0001 முதல் 9998 வரை தகுதியுள்ள 9,990 எண்களும் முதல் கழித்தலிலேயே இந்த 54க்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றை ஒரே தாளில் எழுதி அம்புக்குறி போட்டோம். எல்லா அம்பும் கடைசியில் 6174இல் போய் முடிந்தன. எதுவும் சுற்றிச் சுற்றி வரவில்லை.

6174 என்பது 18 + 18² + 18³ என்பதையும், அதன் இலக்கக் கூட்டுத்தொகையும் 18 என்பதையும் இளைய உறுப்பினர் ஒருவர் காட்டியபோது கைதட்டல் பலமாக இருந்தது. அழகுதான். ஆனால் எண்கள் ஏன் அங்கே போய் நிற்கின்றன என்பதற்கு அது பதில் சொல்லாது. என் ஓட்டு அந்த அம்புக்குறித் தாளுக்கே. இந்த எண்ணை வைத்து ராசிபலன் பார்க்கலாம் என்று வந்த யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை.

மூன்று இலக்கத்தில் 495 இதே வேலையைச் செய்கிறது. ஐந்து இலக்கத்தில் அப்படி ஓர் எண்ணே இல்லை: 53955இலிருந்து 59994, அதிலிருந்து மீண்டும் 53955. அங்குள்ள சுழற்சிகள் அனைத்தையும் கையாலேயே கண்டுபிடிப்பதா, கணினியிடம் விடுவதா என்பதில் செயற்குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. முடிவைப் பொதுக்குழுவிடம் விட்டு, அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்